ஸ்கேனர் ஓடுகிறது, ஒன்றும் மாட்டவில்லை: மலைநாட்டுக்காரருக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஹட்டனில் நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்க்கும் சின்னக் கடைக்கு அவ்வப்போது கையடக்க ஸ்கேனர்களும் வரும். காற்றில் போகும் ரேடியோப் பேச்சுகளைத் தேடிப் பிடித்துக் கேட்கவைக்கும் கருவி அது. பெரும்பாலும் வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணனோ மச்சானோ கொண்டுவந்து கொடுத்ததாக இருக்கும். கொண்டு வருகிறவர் சொல்வது இரண்டில் ஒன்று. "அண்ணே, தேடிக்கொண்டே இருக்கிறது, ஒன்றும் மாட்டவில்லை." இல்லாவிட்டால், "ஒரே இடத்தில் நின்றுவிட்டது, நகரவே மாட்டேன் என்கிறது." இப்படி வந்தவற்றில் நான் திருகாணி கழற்றியவை மிகக் குறைவு. கருவியில் பழுது இருப்பதில்லை. அமைப்பில் ஏதாவது மாறியிருக்கும், அல்லது கருவி நிற்கும் இடம் சரியில்லாமல் இருக்கும். மலையில் இந்த இரண்டாவதுதான் அதிகம். இதைப் புரிந்துகொள்ள எனக்கே சில வருடம் பிடித்தது.

தொடங்கும் முன் ஒரு விஷயம். இலங்கையில் ரேடியோக் கருவிகள் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. அனுமதி தருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கருவி கையில் இருக்கிறது என்பதற்காகப் பொலிஸ், இராணுவம், அடுத்தவர் சொந்தப் பேச்சு என்று நுழைந்து கேட்பது வம்பை விலைக்கு வாங்குவது. பரீட்சை எழுதி, 4எஸ் என்று தொடங்கும் அமெச்சூர் (பொழுதுபோக்கு ரேடியோ) அழைப்புக்குறி வாங்கியவருக்குக் கேட்கவும் பேசவும் நேர்வழி இருக்கிறது. மற்றவர்கள் ஆணைக்குழுவிடம் விசாரித்துவிட்டுக் கருவியைத் தொடுங்கள். கடைக்கு வருகிறவரிடமும் நான் அந்த அனுமதிக் கடதாசியைத்தான் முதலில் கேட்பேன்.

எந்தக் கோளாறானாலும் முதலில் இரண்டு காரியம்

முதலாவது, ஸ்கேன் வேறு, சேர்ச் வேறு. ஸ்கேன் என்றால் நீங்கள் ஏற்கெனவே சேமித்துவைத்த சேனல்களை மட்டும் கருவி ஒவ்வொன்றாகப் பார்த்துவரும். சேர்ச் என்றால் ஒரு கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையில் இருக்கும் அலைவரிசைகளைப் படிப்படியாகத் தடவிப் பார்க்கும். சேமிப்பு ஒன்றுமே இல்லாத கருவியில் ஸ்கேன் பட்டனை அழுத்திவிட்டு "தேடவில்லை" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். திரையில் சேனல் எண் ஓடுகிறதா, அலைவரிசை எண் ஓடுகிறதா என்று பாருங்கள். அலைவரிசை ஓடினால்தான் அது சேர்ச்.

இரண்டாவது, தெரியாததைத் தேடுவதற்கு முன் தெரிந்த ஒன்றைத் தேட விடுங்கள். தெரிந்த சிக்னலுக்கு எங்கே போவது? வீட்டில் முள் நகர்கிற பழைய எஃப்எம் ரேடியோ கிடந்தால் போதும். அந்த வகை ரேடியோ, தான் பிடிக்கும் நிலையத்தைவிட 10.7 மெகாஹேர்ட்ஸ் மேலே தனக்குள் ஓர் அலையை உண்டாக்கிக்கொள்ளும். அதில் கொஞ்சம் வெளியேயும் கசியும். ரேடியோவை 100 மெகாஹேர்ட்ஸில் வைத்தால் கசிவு 110.7இல் இருக்கும். முள்ளை 107க்கு நகர்த்தினால் 117.7க்குப் போகும். ஸ்கேனரை ரேடியோவின் பக்கத்தில் வைத்து 108இலிருந்து 120 வரை தேடவிடுங்கள். அந்த எண்ணுக்கு அருகில் வந்ததும் டக்கென்று நிற்க வேண்டும். பேச்சு வராது, இரைச்சல் மட்டும் அடங்கும். முள்ளை நகர்த்தித் திரும்பவும் தேடவிட்டால் புதிய இடத்தில் நிற்கும். பழைய ரேடியோவின் முள் சற்று முன்பின்னாகக் காட்டும் என்பதால், எண் துல்லியமாகப் பொருந்தவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். டிஜிட்டல் எண் காட்டும் புதிய சின்ன ரேடியோக்களில் இந்த வித்தை பலிக்காது. அவற்றின் உள்வேலை வேறு.

இந்தச் சோதனையில் ஸ்கேனர் நின்றால் தேடும் வேலை நன்றாக இருக்கிறது. இனி எந்தக் கோளாறு உங்களுடையதோ அங்கே போங்கள்.

"ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கும் நிற்பதில்லை"

ஸ்குவெல்ச் குமிழில் தொடங்குங்கள். அது இரைச்சலுக்குப் போடும் கதவு. கதவை இறுக்கிப் பூட்டிவிட்டால் இரைச்சலோடு மெல்லிய சிக்னலும் வெளியில் நின்றுவிடும். தேடலை நிறுத்தி, குமிழை முழுக்கத் திறந்து 'ஸ்ஸ்' என்ற சத்தம் வரச் செய்யுங்கள். பிறகு மெதுவாகத் திருப்பி, சத்தம் அடங்கும் இடத்துக்கு மயிரிழை தாண்டி நிறுத்துங்கள். அதற்கு மேல் வேண்டாம். சிற்றலை ரேடியோ கேட்டுப் பழகிய கைக்கு இது சொல்லிக்கொடுக்க வேண்டிய வேலையில்லை. என்னிடம் வந்த பெரியவர் ஒருவர், இளைஞர்கள் மூன்று பேர் முயன்று முடியாததை, நான் வாய் திறக்கும் முன்பே சரிசெய்துவிட்டார்.

அது சரியாக இருந்தால் அடுத்தது படி அளவு. கருவி ஒவ்வொரு எண்ணையும் பார்ப்பதில்லை, தாண்டித் தாண்டித்தான் போகிறது. 5, 12.5, 25 கிலோஹேர்ட்ஸ் என்று அந்தத் தாண்டலுக்கு ஓர் அளவு உண்டு. நண்பர் 145.5125 மெகாஹேர்ட்ஸில் பேசுகிறார் என்று வையுங்கள். உங்கள் தேடல் 144.000இல் தொடங்கி 25 கிலோஹேர்ட்ஸாகத் தாண்டினால் 145.500இல் கால் வைக்கும், அடுத்து 145.525இல் வைக்கும். நண்பர் சரியாக நடுவில் அகப்பட்டுக்கொண்டார். இரண்டு கால்களுக்கும் இடையில் எறும்பு தப்புவது போலத்தான். 12.5க்கு மாற்றினால் நேராக அவர்மேல் போய் நிற்கும்.

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த கருவிகளில் படி அளவு அந்த நாட்டு அலைவரிசைப் பங்கீட்டுக்கு ஏற்றபடி அமைந்திருக்கும். சிலவற்றில் மாற்றலாம், சிலவற்றில் முடியாது. மாற்ற முடியாவிட்டால் இருப்பதிலேயே சின்ன படி கொண்ட பகுதியாகப் பார்த்துத் தேடுங்கள். தொடங்கும் எண்ணும் முக்கியம். 12.5 படிக்கு 144.000இல் தொடங்காமல் 144.006 என்று எதையாவது தட்டிவிட்டால் தேடல் முழுவதும் அந்தக் கோணலோடுதான் நடக்கும். சில கருவிகள் தாமாகவே கிட்டிய எண்ணுக்குச் சரிசெய்துகொள்ளும். எல்லாம் அப்படியல்ல.

படி சின்னதாக இருந்தால் நல்லதுதானே என்று எல்லா இடத்திலும் 5ஐ வைத்துவிடாதீர்கள். 137 முதல் 174 வரை 37 மெகாஹேர்ட்ஸ். அதை 12.5ஆல் தாண்டினால் 2,960 படிகள். 5ஆல் தாண்டினால் 7,400. விநாடிக்கு 50 படி ஓடும் கருவி முதலாவதற்கு ஒரு நிமிடம் எடுக்கும், இரண்டாவதற்கு இரண்டரை நிமிடம். ரேடியோவில் பேசுகிறவர்கள் கதை பேசுவதில்லை. ஐந்து விநாடியில் சொல்லிவிட்டுக் கையை எடுத்துவிடுவார்கள். அந்த நேரத்தில் உங்கள் கருவி வேறெங்கோ மேய்ந்துகொண்டிருக்கும். "நாள் முழுக்கத் தேடியும் ஒன்றும் இல்லை" என்பதற்குப் பாதிக் காரணம் இந்த அகலம்தான். எல்லையைச் சுருக்குங்கள். 144 முதல் 146 வரை மட்டும் என்றால் 160 படி, மூன்று விநாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். முழு மலையையும் ஒரே நாளில் கொய்ய முடியாது, மலையைப் பிரித்துக்கொண்டுதான் கொழுந்து எடுக்க வேண்டும்.

இன்னொரு இடம், லாக்அவுட். வேண்டாத இடத்தில் நிற்கும்போது லாக்அவுட் பட்டனைத் தட்டினால் கருவி அந்த அலைவரிசையை அடுத்த முறை தாண்டிவிடும். எரிச்சலில் தட்டிக்கொண்டே போனால் வேண்டியதும் சேர்ந்து பட்டியலுக்குள் போய்விடும். சில கருவிகளில் ஒருமுறை தட்டினால் தற்காலிகம், இருமுறை தட்டினால் நிரந்தரம். தற்காலிகம் கருவியை அணைத்தால் அழியும், நிரந்தரம் அழியாது. மெனுவில் அந்தப் பட்டியல் இருக்கும், திறந்து பாருங்கள். ஒரு முறை நானே என் கருவியின் உள்ளே சாலிடர் விட்டுப்போயிற்று என்று நினைத்து முழுசாகக் கழற்றி, பலகையை பூதக்கண்ணாடியால் பார்த்து, இரவு ஒரு மணிக்குத் திரும்பப் பூட்டினேன். மறுநாள்தான் தெரிந்தது, தேடிய அலைவரிசையை நானே லாக்அவுட் செய்திருந்தேன். அன்றிலிருந்து பட்டியலைப் பார்க்காமல் திருகாணியைத் தொடுவதில்லை.

டோன் ஸ்குவெல்ச் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். சிடிசிஎஸ்எஸ் என்று திரையில் ஒரு குறி காட்டும். அது இருந்தால் குரலோடு சேர்ந்து ஒரு குறிப்பிட்ட மெல்லிய ஒலியும் வந்தால்தான் ஸ்பீக்கர் திறக்கும். தேடும்போது அதை அணைத்துவையுங்கள்.

இவை அத்தனையும் சரி, பழைய ரேடியோச் சோதனையும் சரி, அப்போதும் ஒன்றும் இல்லை என்றால் கருவியை விடுங்கள். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. பொகவந்தலாவை மாதிரியான பள்ளத்தாக்கில் தோட்டத்து லயத்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு மலைக்கு அந்தப் பக்கம் பேசுவதைத் தேடினால் கிடைக்காது. மலை நிழல் வெயிலுக்கு மட்டுமல்ல, ரேடியோவுக்கும் விழும். போதாததற்குத் தலைக்கு மேல் தகரக் கூரை. முதலில் இஸ்தோப்புக்கு, அதாவது முன் திண்ணைக்கு, வாருங்கள், பிறகு வாசலுக்கு. அங்கேயும் ஒரே இடத்தில் நிற்காமல் ஒரு மீட்டர் இப்படியும் அப்படியும் நகர்ந்து பாருங்கள். மலைச்சரிவில் மோதித் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று கொன்றுவிடும், சில இடங்களில் சேர்ந்து வலுக்கும். 145 மெகாஹேர்ட்ஸில் அலைநீளம் ஏறக்குறைய 2 மீட்டர் என்பதால், ஒரு மீட்டருக்குள்ளேயே செத்த இடமும் உயிருள்ள இடமும் மாறிமாறி வரும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. அன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால், இடையில் மலை மறைக்காவிட்டால் கடல்மட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் வரை எட்டும் என்பது வரும். ஹப்புத்தளை 1,431 மீட்டர். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 156 கிலோமீட்டர். தெற்கே மலை செங்குத்தாக இறங்கிவிடுவதால் அங்கே மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. ஹட்டனில் பல வாரம் ஊமையாகக் கிடந்த ஒரு ஸ்கேனரை ரயிலில் ஹப்புத்தளைக்குக் கொண்டுபோய், தெற்குப் பார்த்த ஒரு சரிவில் நின்று தேடவிட்டேன். முதல் சுற்றிலேயே 156.800இல் நின்றது. அது கப்பல்கள் ஒன்றையொன்று கூப்பிடவும் ஆபத்தில் உதவி கேட்கவும் உலகம் முழுக்க வைத்திருக்கும் 16ஆம் சேனல். தேயிலைச் செடி நடுவில் நின்றுகொண்டு கடலைக் கேட்பது ஒரு மாதிரியான அனுபவம்தான். கருவியில் பழுதே இல்லை என்று அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தேன். அவர் நம்பவில்லை. அவருடைய வீடு இரண்டு மலைக்கு நடுவில், அங்கே போனதும் அது மறுபடி ஊமைதான்.

பட்டிப்பொல தாண்டினால் மழை நின்று வெயில் வருவதை ரயிலில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். ரேடியோவும் அப்படித்தான். இந்தப் பக்கம் கேட்டது அந்தப் பக்கம் இல்லை, அந்தப் பக்கம் புதிதாக வேறு கேட்கும். ஆகவே நுவரெலியா நண்பருக்குக் கிடைத்த பட்டியலை வைத்துக்கொண்டு பண்டாரவளையில் தேடி ஏமாறாதீர்கள்.

"ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது"

ஸ்குவெல்ச் திறந்திருந்தால் தொடங்கிய எண்ணிலேயே நிற்கும், 'ஸ்ஸ்' என்று இரையும். மேலே சொன்னபடி சரிசெய்யுங்கள்.

அது இல்லையென்றால் அன்டெனாவைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் அதே எண்ணில் நின்றால், சத்தம் கருவிக்குள்ளேயே பிறக்கிறது. ஒவ்வொரு ஸ்கேனருக்குள்ளும் இப்படிச் சில இடங்கள் இருக்கும். பறவை என்று சொல்வார்கள், உள்ளே இருக்கும் அலையாக்கிகள் தங்களுக்குள் கலந்து போடும் சத்தம். பழுது இல்லை. லாக்அவுட் செய்துவிட்டு மறந்துவிடலாம்.

கழற்றியதும் சத்தம் போய்விட்டால் வெளியிலிருந்து வருகிறது. இப்போது வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பற்றரியில் ஓடும் ஸ்கேனரைப் பாருங்கள். மஸ்கெலியா பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்தது இப்படித்தான். அவர் வீட்டில் ராத்திரி ஏழு மணியானால் தேடல் நின்றுவிடும், கடையில் பகலில் எத்தனை மணி நேரம் ஓடவிட்டாலும் ஒழுங்காக ஓடும். மூன்று முறை வந்து போனார். கடைசியில் நானே அவர் வீட்டுக்குப் போனேன். ஏழு மணிக்கு அவர் அம்மா சாமிப் படத்துக்கு மேல் ஒரு மலிவு எல்இடி பல்ப் போடுவார். பல்பை அணைத்தால் ஸ்கேனர் ஓடியது, போட்டால் நின்றது. சாமி விளக்கை அணைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேறு பல்ப் வாங்கி மாட்டினோம், சரியாகிவிட்டது. இப்படிப்பட்ட பல்ப், போன் சார்ஜர், சோலார் இன்வர்ட்டர் இவையெல்லாம் அகலமான இரைச்சலைப் பரப்பும். ஒரு எண்ணில் மட்டுமல்லாமல் சம இடைவெளியில் பல எண்களில் நின்று நின்று போனால் சந்தேகம் இவற்றின் மேல்தான். தேயிலை பெக்டரிக்குப் பக்கத்தில் வீடு என்றால் அங்கே ஓடும் பெரிய மோட்டார்களும் உண்டு. அவை ஓடும் நேரத்தைக் குறித்துவைத்து ஒப்பிடுங்கள். அதை உங்களால் அணைக்க முடியாது, அன்டெனாவை மறுபக்கம் கொண்டுபோகத்தான் முடியும்.

நிற்கும் இடத்தில் 'டர்ர்ர்' என்று ஓயாத ஒரு சத்தம், கரண்ட் அணைத்தாலும் போகவில்லை என்றால் அது டிஜிட்டல் சிக்னல். சாதாரண ஸ்கேனருக்கு அது புரியாது, எந்த அமைப்பை மாற்றினாலும் புரியப்போவதில்லை. லாக்அவுட்.

"எங்கே நின்றாலும் எஃப்எம் பாட்டு"

மலையகத்துக்கே உரிய கோளாறு இது. நம் உயரமான மலைகளின் தலையிலெல்லாம் ஒலிபரப்புக் கோபுரங்கள். பிதுருதலாகலை 2,524 மீட்டர், நாட்டின் உச்சி. 1982இல் ரூபவாஹினி தொலைக்காட்சி வந்தபோது அங்கேதான் கோபுரம் வைத்தார்கள். கண்டிப் பக்கம் ஹுன்னஸ்கிரிய, பண்டாரவளைப் பக்கம் நாயபெத்த. நாடு முழுக்கக் கேட்பதற்காக வைத்த கோபுரத்துக்கு அடியில் நாம் குடியிருக்கிறோம். ஸ்கேனரின் காது மென்மையானது. பக்கத்தில் நின்று ஒருவர் கத்தினால் தூரத்தில் முணுமுணுப்பவரை எப்படிக் கேட்கும்?

கத்தல் இரண்டு விதமாக ஏமாற்றும். ஒன்று நிழல் அலைவரிசை. மேலே பழைய ரேடியோவில் பார்த்த அதே 10.7 இங்கேயும் வருகிறது. வாங்கும் சிக்னலைக் கருவி தனக்குள் மாற்றிக்கொள்ளும் எண்ணுக்கு இடை அலைவரிசை என்று பெயர். 10.7ஐ இடை அலைவரிசையாகக் கொண்ட ஸ்கேனர்களில், நிஜ நிலையத்துக்கு 21.4 மெகாஹேர்ட்ஸ் தள்ளி அதன் பொய் உருவம் ஒன்று தோன்றும். 98.0இல் இருக்கும் பாட்டு 119.4இல், விமானங்களுக்கான பகுதியில், கேட்கும். நிற்கும் எண்ணிலிருந்து 21.4ஐக் கழியுங்கள். வரும் எண்ணில் சாதாரண ரேடியோவில் அதே பாட்டு ஓடுகிறதா? கண்டுபிடித்துவிட்டீர்கள். விலை கூடிய கருவிகளில் இடை அலைவரிசை வேறாக இருப்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது.

இன்னொன்று, இரண்டு நிலையங்கள் கருவிக்குள் மோதிப் பிறக்கும் மூன்றாவது. ஒன்றின் எண்ணை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அது எங்கே விழும் என்று தெரியும். 106ஐ இரட்டித்தால் 212, அதில் 94 போனால் 118. இரண்டு பாட்டும் கலந்து இழுபறியாகக் கேட்டால் இதுதான்.

அட்டெனுவேட்டர் இருந்தால் போட்டுப் பாருங்கள். அது வரும் சிக்னல் எல்லாவற்றையும் ஒரேயளவு மெலிய வைக்கும், வழக்கமாக 20 டெசிபல், அதாவது நூறில் ஒரு பங்கு சக்தி. நிஜ சிக்னல் மெலிந்தாவது கேட்கும். மோதலில் பிறந்த பொய்ச் சிக்னல் அதைவிட மும்மடங்கு டெசிபல் இறங்கி ஒரேயடியாக மறைந்துவிடும். அட்டெனுவேட்டர் இல்லாத கருவியில் இழுத்து நீட்டும் அன்டெனாவைப் பாதியாகச் சுருக்கினாலே வித்தியாசம் தெரியும். தீர்வு என்று கேட்டால், அன்டெனாவுக்கும் கருவிக்கும் நடுவில் 88 முதல் 108 வரை மட்டும் அடைக்கும் ஒரு ஃபில்டர். கோபுரம் கண்ணுக்குத் தெரியும் வீடு என்றால் வேறு வழியே இல்லை. பெரிய அன்டெனா வாங்கி மாட்டினால் சரியாகும் என்று நினைத்து மாட்டியவர்களுக்குப் பாட்டு இன்னும் சத்தமாகக் கேட்டது, அவ்வளவுதான்.

"எண் சற்றுத் தள்ளிக் காட்டுகிறது"

வலுவான சிக்னல் தன் இடத்துக்குப் பக்கத்து எண்களிலும் வழியும். மேலே ஏறிக்கொண்டு தேடும் கருவி முதல் வழிசலிலேயே நின்றுவிடும். 5 கிலோஹேர்ட்ஸ் படியில் போய் 145.505இல் நிற்கிறது, பேச்சு கரகரக்கிறது என்றால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு தேடலைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். இறங்கும்போது 145.520இல் நின்றால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். 145.5125. நிஜ இடம் அதுதான். இதற்குக் கருவியும் வேண்டாம் மெனுவும் வேண்டாம், ஒரு பென்சில் போதும்.

"நிற்கிறது, பேச்சு அமுங்கியிருக்கிறது"

ஏஎம்மா எஃப்எம்மா என்று பாருங்கள். 118 முதல் 137 வரை விமானப் பகுதி, அங்கே ஏஎம். அமெச்சூர், கடல் இரண்டும் எஃப்எம். நல்ல கருவி தானாக மாற்றிக்கொள்ளும், யாரோ கையால் மாற்றிவைத்திருந்தால் மாறாது.

"ஒருவர் பேசுவதுதான் கேட்கிறது, பதில் இல்லை"

பேச்சு முடிந்ததும் கருவி எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு டிலே என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது பூச்சியமாக இருந்தால் முதல் ஆள் கையை எடுத்ததும் ஓடிவிடும், பதில் சொல்பவர் சொல்லும்போது அது வேறு ஊரில் இருக்கும். இரண்டு விநாடி வையுங்கள்.

வைத்தும் கேட்கவில்லை என்றால் நீங்கள் மறுஒலிபரப்பி ஒன்றின் உள்வழியைப் பிடித்திருக்கலாம். மலையுச்சியில் இருக்கும் மறுஒலிபரப்பி ஓர் எண்ணில் வாங்கி இன்னோர் எண்ணில் கொடுக்கும். 145 மெகாஹேர்ட்ஸைச் சுற்றியுள்ள 2 மீட்டர் அமெச்சூர் பகுதியில் இரண்டுக்கும் இடைவெளி வழக்கமாக 600 கிலோஹேர்ட்ஸ். அந்த அளவு மேலும் கீழும் போய்ப் பாருங்கள், வெளிவழி கிடைத்தால் இருவர் குரலும் அங்கே இருக்கும். மறுஒலிபரப்பி இல்லாத நேர்ப் பேச்சு என்றால், பதில் சொல்பவர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். அதற்கு நீங்கள் மேலே ஏறத்தான் வேண்டும்.

"முன்பெல்லாம் நன்றாகக் கேட்டது, மழைக்காலத்துக்குப் பிறகு இல்லை"

வெளியில் அன்டெனா மாட்டியவர்களுக்கு. ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் பெய்கிற மழைக்கு வயர் இணைப்புக்குள் தண்ணீர் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இணைப்பைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். வயரின் செப்புப் பின்னல் கறுத்துப்போயிருந்தால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள், துடைத்துப் பயனில்லை. புதிதாக இணைத்த பிறகு தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் முன் வயரைக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

புது வயருக்குக் கொழும்புக்குப் போக வேண்டாம். டிவிக்குப் போடும் ஆர்ஜி6 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது. அது 75 ஓம், ஸ்கேனர் 50 ஓம் என்று சிலர் பயப்படுவார்கள். கேட்பதற்கு மட்டும் என்றால் அந்தப் பொருத்தமின்மையால் இழப்பது கால் டெசிபல்கூட இல்லை.

ஆனால் கம்பத்தில் சும்மா நிற்கும் பழைய டிவி அன்டெனாவை அப்படியே மாட்டாதீர்கள். அதன் கம்பிகள் படுத்திருக்கும், கைரேடியோக்களின் அன்டெனா நிமிர்ந்திருக்கும். படுத்ததும் நிமிர்ந்ததும் சந்தித்தால் 20 டெசிபல் வரை போய்விடும். கம்பிகள் செங்குத்தாக நிற்கும்படி திருப்பி மாட்டுங்கள். அதைவிட எளிது, 75ஐ மெகாஹேர்ட்ஸால் வகுத்தால் வரும் மீட்டர் நீளத்தில் ஒரு கம்பி. 145க்கு 52 சென்டிமீட்டர்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்குப் பிறகு இடி கட்டிக்கொண்டு வரும். வானம் கறுக்கும்போதே வயரைக் கருவியிலிருந்து கழற்றி வீட்டுக்கு வெளியே போடுங்கள். இடி விழுந்து வந்த கருவிக்கு இந்த வழிமுறையில் ஒன்றும் இல்லை.

"நடுவில் அணைகிறது, பிடித்ததெல்லாம் மறந்துவிடுகிறது"

சார்ஜ் பண்ணும் நிக்கல் பற்றரி ஒன்று 1.2 வோல்ட், சாதாரண அல்கலைன் 1.5. இரண்டு போடும் கருவியில் 2.4க்கும் 3க்கும் அந்த வித்தியாசம் இருக்கிறது. பற்றரி இறங்கினால் முதலில் அடிபடுவது தேடல்தான். திரை எரியும், சத்தமும் வரும், ஆனால் தேடும்போது எண்கள் குதிக்கும் அல்லது கருவி அணைந்து எழும்பும். நுவரெலியாவில் ஜனவரிப் பனியில் அரைகுறையாகச் சார்ஜான பற்றரி இன்னும் சீக்கிரம் கையை விரிக்கும். உள்ளே பற்றரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் அல்லது மெனு இருந்தால் சரியான இடத்தில் வையுங்கள். அல்கலைனைப் போட்டுவிட்டுச் சார்ஜர் சொருகினால் பற்றரி கசிந்து தகடுகளை அரித்துவிடும். பச்சை பிடித்த தகட்டை அழிரப்பரால் தேய்த்தாலே பல கருவிகள் எழும்பிவிடுகின்றன.

மறதிக்குக் காரணம் வேறு. சேர்ச்சில் நின்ற எண் தானாகச் சேமிப்பாகாது. நின்றதும் ஹோல்ட் அழுத்தி, அதை ஒரு சேனலில் சேமிக்க வேண்டும். அல்லது ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எண், நேரம், நீங்கள் நின்ற இடம். எந்த வளைவில், எந்த மரத்தடியில் என்பதுவரை.

கடைசியாக, முழு ரீசெட். அது எல்லாச் சேமிப்பையும் லாக்அவுட் பட்டியலையும் துடைத்துவிடும் என்பதால் அந்தக் கொப்பி எழுதாமல் அதைத் தொட வேண்டாம். ரீசெட் செய்து, புதுப் பற்றரி போட்டு, பழைய எஃப்எம் ரேடியோவை 100இல் வைத்துப் பக்கத்தில் பிடித்தும் 110.7 அருகில் கருவி நிற்கவில்லை என்றால், இப்போது திருகாணியைக் கழற்றலாம். கொண்டு வரும்போது கொப்பியையும் எடுத்து வாருங்கள்.